கேள்வி என் மகளுக்கு, பதில் ஏன் என்னிடம்? தனக்காகத் தானே பேசப் பழக்குவது எப்படி?

மண்டபம் தையல்கடை

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 17 வயது. பெருமூளை வாதம். நடை தள்ளாடும், பேச்சு இழுத்து இழுத்து வரும். படிப்பில் கெட்டி, ப்ளஸ் டூவில் கணக்குப்பதிவியல் எடுத்திருக்கிறாள், வகுப்பில் பாதிப் பேர் சந்தேகம் கேட்க இவளிடம்தான் வருவார்கள். இங்கே எழுதுவதற்கு முன்னால் அவளிடம் கேட்டுவிட்டேன். பள்ளியின் பெயரும் இன்னொரு விஷயமும் வேண்டாம் என்றாள், அவற்றை எழுதவில்லை.

என் பிரச்சினை இதுதான். எங்கே போனாலும் கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாப்பா எங்கம்மா இறங்கணும்?" என்று என்னைக் கேட்கிறார். போன வாரம் செருப்புக் கடையில் அவள் காலில் செருப்பை மாட்டிவிட்டு, "இறுக்குதாம்மா?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். இறுக்குகிறதா என்று அவளுக்குத்தானே தெரியும்? மருத்துவமனை, இ-சேவை மையம், பள்ளி ஆண்டு விழா, எல்லா இடத்திலும் இதே கதை.

அடுத்த வருஷம் ராமநாதபுரத்துக்குக் கல்லூரிக்குப் போகப் போகிறாள். அங்கே நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். மாடி வகுப்பு, கழிப்பறை, தேர்வில் கூடுதல் நேரம் என்று ஒவ்வொன்றையும் அவள்தான் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் வாய் மூடாது. தம்பியோடு சண்டை போட்டால் அவன்தான் தோற்பான். வெளி ஆள் முன்னால் நின்றால் மட்டும் வாய் அடைத்துவிடுகிறது. எப்படிப் பழக்குவது? பழக்கியவர்கள், பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வள மைய டீச்சர்

அக்கா, நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். இந்தக் கடற்கரைப் பள்ளிகளுக்குப் போய் வருவதுதான் என் வேலை. உங்கள் மகள் மாதிரி வீட்டில் பேசி வெளியே வாயடைக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். கூச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் பேசி முடிக்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பதை அந்தப் பிள்ளை அனுபவத்தில் கண்டிருக்கிறது. பாதி வாக்கியத்திலேயே எதிராளி மீதியை ஊகித்து முடித்துவிடுவார், இல்லையென்றால் அவர் பார்வை அம்மா பக்கம் போய்விடும். நாலு தடவை அப்படி நடந்தால் யாருக்குத்தான் பேசத் தோன்றும்? அதனால் மகளை மட்டும் பழக்கினால் போதாது, எதிரே நிற்பவரையும் பழக்க வேண்டும்.

செருப்புக் கடைக்காரர் உங்களைப் பார்த்துக் கேட்கிறாரா? நீங்கள் பதில் சொல்லாமல் மகளைப் பாருங்கள். "அவளையே கேளுங்க" என்றுகூடச் சொல்ல வேண்டாம். நாலைந்து நொடி எல்லோருக்கும் சங்கடமாக இருக்கும். பிறகு கடைக்காரரின் கண்ணும் உங்கள் கண் போன இடத்துக்குப் போகும். அந்த நாலைந்து நொடியைத் தாங்குவதுதான் அம்மாக்களுக்குக் கஷ்டமான பாடம்.

மகளுக்கு முதலில் ஒரு தொடக்க வாக்கியம் வேண்டும். "எனக்குப் பேச நேரம் ஆகும், கொஞ்சம் பொறுங்க" என்பது போல. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் எதிராளிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும், பிறகு இவளுக்கு அவசரம் இருக்காது.

அப்புறம், தன்னைப் பற்றித் தனக்குத் தெரிய வேண்டும். குறைபாடு எத்தனை சதவீதம் என்று அடையாள அட்டையைப் பார்த்துச் சொல்கிற பிள்ளைகளுக்கு, எது கஷ்டம், எது இருந்தால் அந்தக் கஷ்டம் தீரும் என்று சொல்லத் தெரிவதில்லை. "எனக்கு உதவி பண்ணுங்க" என்று கேட்டால் பரிதாபம்தான் கிடைக்கும். "கைப்பிடி இருக்கிற படியில் ஏறுவேன், இல்லாத படியில் விழுந்துவிடுவேன், அதனால் என் வகுப்பைக் கீழ்த்தளத்தில் போடுங்க" என்றால் எதிராளிக்கு ஒரு வேலை கிடைக்கிறது, செய்துவிடுவார். இதை ஒரு பக்கத்தில் அவளே எழுதிவைத்துக்கொண்டால் புது இடத்தில் நீட்டலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் பிள்ளைகளுக்கு 'சரி' சொல்லத்தான் பழக்கியிருக்கிறோம். பயிற்சி கொடுப்பவர் கையைப் பிடித்து முறுக்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும். "வலிக்குது, நிறுத்துங்க" என்று சொல்ல வராது. 'வேண்டாம்' என்ற சொல்லை முதலில் கொடுங்கள். வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். இன்றைக்குச் சூடையா விளமீனா, பச்சைச் சுடிதாரா மஞ்சளா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவள் சொன்னபடி செய்யுங்கள், நமக்குப் பிடிக்காவிட்டாலும். கேட்டுவிட்டு நம் இஷ்டத்துக்குச் செய்தால் கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

பேச்சே வராத பிள்ளைகளின் பெற்றோர், இது நமக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். படம் ஒட்டிய அட்டை போதும். போன், டேப்லெட் இருந்தால் சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி தமிழிலேயே பேசும். நான் பார்க்கிற அட்டைகளில் தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் இருக்கும். 'வேண்டாம்', 'வலிக்குது' என்ற இரண்டு படங்கள்தான் இருக்காது. அந்த இரண்டையும் முதலில் ஒட்டுங்கள்.

கரைவலை அப்பா

டீச்சர் சொல்வது படிக்கிற பிள்ளைகளுக்குச் சரி. என் மகனுக்கு 19 வயது. அறிவுசார் குறைபாடு என்று அட்டையில் போட்டிருக்கிறது. யார் கூப்பிட்டாலும் போவான், யார் கேட்டாலும் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வருவான். "வெளியில வாயத் திறக்காத" என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். பயத்தில்தான்.

கரைவலை இழுக்கப் போகிறான், கரையில் நின்று பல பேர் சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுக்கிற வலை. நல்ல பலம். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனாலும் இவன் விட மாட்டான். உள்ளங்கை எல்லாம் காய்ப்பு. ஆனால் பங்கு பிரிக்கும்போது மற்றவர்களுக்குக் காசு, இவனுக்கு ஒரு டீயும் ஒரு கை மீனும். கேட்டால், "அவனுக்கு எதுக்குண்ணே காசு, தொலைச்சிருவான்" என்கிறார்கள். வலைக்கு முதலாளியான சம்மாட்டி எங்களுக்குச் சொந்தக்காரர். நான் வாய் திறந்தால் உறவு கெட்டுப்போகும். நானே கேட்க முடியாததை இவன் எப்படிக் கேட்பான்?

எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்பதுதான் எனக்கு இரவும் பகலும் ஓடுகிற கவலை. பேசப் பழக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தொண்டி சங்கம்

அண்ணே, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் போலியோவில் கால் போனவன், ஊன்றுகோலில் நடக்கிறேன், மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் இருக்கிறேன். உங்கள் மகன் வேலை செய்திருக்கிறான், கூலி அவனுக்குச் சேர வேண்டியது. தொலைப்பான் என்பது கொடுக்காமல் இருக்கக் காரணம் ஆகாது. காசைத் தொலைக்கிறவர்கள் அந்தக் கயிற்றில் வேறு யாருமே இல்லையா?

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-ல் வந்த பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஆட்டிசம் எல்லாம் உண்டு. 13-ஆம் பிரிவு, மற்றவர்களைப் போலவே சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பணத்தைத் தானே கையாளவும் மாற்றுத்திறனாளிக்கு உரிமை உண்டு என்கிறது. முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் துணைக்கு ஆள் இருக்கலாம். 14-ஆம் பிரிவில் வரும் பாதுகாவலர்கூட அவரோடு சேர்ந்து, அவர் விருப்பத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது, நாங்க பாத்துக்கிறோம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் டீச்சரோடு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பிள்ளை இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிக் கேட்க வேண்டும் என்று எல்லாப் பாரத்தையும் அதன் தலையில் வைப்பது நியாயமாகப் படவில்லை. எங்கள் ஊரில் ஒரு வங்கிக்குப் படி மட்டும்தான். நான் தனியாளாகப் போய்க் கேட்டேன். "நீங்க கீழேயே இருங்க, பணத்தைக் கொண்டுவந்து தர்றோம்" என்றார்கள். கனிவாகத்தான் சொன்னார்கள். என் பணத்தை ரோட்டில் நின்று எண்ண எனக்கு விருப்பமில்லை என்றேன். கேட்டுக்கொண்டார்கள், அத்தோடு சரி. பிறகு சங்கத்தில் பேசி, மூன்று சக்கர வண்டி, ஊன்றுகோல், வெள்ளைக்கோல் என்று எல்லோரும் ஒரே நாளில் பணம் எடுக்கப் போனோம். சாய்தளம் வந்துவிட்டது. தன்னால் கேட்க முடியவில்லையே என்று ஒரு பிள்ளை குன்றிப்போகக் கூடாது. தனியாகக் கேட்டால் கிடைக்காதவை நிறைய இருக்கின்றன.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போகிறவர்களுக்கு: ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. என்ன நடந்தது என்று இரண்டு வரி, என்ன வேண்டும் என்று ஒரு வரி. நகல் கையில் இருக்கட்டும். ஒப்புகை எண் வாங்காமல் நகர வேண்டாம். யாருக்காக மனுவோ அவர் கையால் கொடுக்கட்டும். பெற்றோர் பின்னால் நிற்கலாம்.

மண்டபம் அக்கா, உங்கள் மகளுக்கு ஜீஜா கோஷ் பற்றிச் சொல்லுங்கள். கொல்கத்தாக்காரர், அவருக்கும் பெருமூளை வாதம்தான். 2012-ல் ஒரு கருத்தரங்குக்காகக் கோவா போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை, தனியாகப் பயணம் செய்யத் தகுதியில்லாதவர் என்று விமான நிறுவனத்தார் தாங்களாகவே முடிவு செய்து இறக்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம்வரை போனார். 2016-ல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

வள மைய டீச்சர்

தொண்டி அண்ணன் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. சங்கத்தோடு போய் நின்றாலும், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்கிறபோது வாய் வர வேண்டுமே, அதற்குத்தான் பழக்கச் சொல்கிறேன். இரண்டும் வேண்டும்.

கரைவலை அண்ணே, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மகன் யார் கூப்பிட்டாலும் போவான் என்றீர்கள். வாயைத் திறக்காதே என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஏமாற்ற வந்தவனிடமும் வாயைத் திறக்காது. ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியான பிள்ளை அதுதான். உங்கள் பயம் நியாயமான பயம். அந்தப் பயம் இருப்பதால்தான் பேசப் பழக்க வேண்டும் என்கிறேன்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களால் முடியாது என்று உலகம் பூராவும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 1974-ல் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் அவர்களே கூடி ஒரு மாநாடு நடத்தினார்கள். பலர் பெரிய விடுதிகளில் அடைபட்டுக் கிடந்து வெளியே வந்தவர்கள். 'முதலில் நாங்கள் மனிதர்கள்' என்பதுதான் அந்த அமைப்பின் பெயரே. கூட்டத்துக்குத் தலைமை, வரவேற்பு, பேச்சு எல்லாம் அவர்களே. மற்றவர்கள் துணைக்கு நின்றார்கள். இன்றைக்குப் பல நாடுகளில் அந்தப் பெயரில் குழுக்கள் இருக்கின்றன.

உங்கள் மகனுக்கு நான் செய்யச் சொல்வது இது. ஒரே ஒரு வாக்கியம்: "மத்தவங்களுக்கு எவ்வளவோ, எனக்கும் அவ்வளவு." இதற்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. கடற்கரையில் சொல்வதற்கு முன்னால் வீட்டில் சொல்லிப் பழகட்டும். நீங்கள் சம்மாட்டி மாதிரி உட்கார்ந்து பங்கு பிரியுங்கள், அவனுக்கு வேண்டுமென்றே குறைத்து வையுங்கள். விளையாட்டுப் போலச் செய்யுங்கள், ஆனால் நோட்டு நிஜ நோட்டாக இருக்கட்டும். விளையாட்டுக் காகிதத்தை வைத்துப் பழகினால் கடையில் நிஜ நோட்டைப் பார்த்ததும் குழம்புவார்கள்.

தேவிபட்டினம் தம்பி

எனக்கு டிஸ்லெக்சியா, வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கிற கற்றல் குறைபாடு. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, அதனால் என் கதை கொஞ்சம் வேறு. உங்கள் பிள்ளைகளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. என்னிடம் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே பேசுற, எழுதுறதுக்கு என்ன சோம்பேறித்தனம்?" என்று திட்டுவார்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எனக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு எல்லாம் கிடைத்தது. தலைமையாசிரியர் நல்லவர், அப்பாவிடம் பேசிச் சான்றிதழ் வாங்க வைத்து எல்லாம் செய்தார். என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. தேர்வு அறையில் ஒரு டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சொல்லி எழுத வைப்பது தனி வித்தை. எங்கே நிறுத்துவது, எந்தப் பத்தியைத் திரும்ப வாசிக்கச் சொல்வது, "அந்த வரியை அடிச்சிட்டு இப்படி எழுதுங்க டீச்சர்" என்று பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒன்றுமே தெரியாது. ப்ளஸ் டூவுக்கு முன்னால் அக்காவை எழுத வைத்துப் பழகினேன். மதிப்பெண்ணே மாறிவிட்டது. சலுகை வாங்கிக் கொடுக்கிறவர்கள் அதைப் பயன்படுத்தவும் பழக்கிக் கொடுங்கள்.

கல்லூரியில் எனக்காகப் பேச யாருமில்லை. நானே போய் நின்றேன். "சார், எனக்கு வாசிக்க நேரம் ஆகும். காதால் கேட்டால் உடனே புரியும். உங்கள் பாடத்தைப் போனில் பதிவு செய்துகொள்ளட்டுமா?" இவ்வளவுதான் கேட்டேன். மூன்று பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர், எல்லோருக்கும் ஒரே விதிதான் என்றார். அவருக்கு 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற ஒரு மாணவர் தொடுத்த வழக்கு. 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதற்காகச் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது, நியாயமான வசதி செய்து கொடுப்பது கடமை என்று தீர்ப்பு. என் கடிதத்துக்கு அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் போனை மேசையில் வைத்தேன், ஒன்றும் சொல்லாமல் பாடம் நடத்தினார்.

யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்பதையும் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். நான் பேராசிரியர்களிடம் சொன்னேன், வகுப்புப் பையன்களில் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அம்மாக்கள் சொந்தக்காரர் கல்யாணத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், தயவு செய்து.

கீழக்கரை தங்கச்சி

என் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, பிறவியிலிருந்தே காது கேட்காது. 'பேச' என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள், அவளுக்குக் கைதான் பேச்சு. மருத்துவமனையில் என்னை மொழிபெயர்க்கச் சொல்வார்கள். ராத்தா பத்து வரி சொல்வாள், உம்மா பக்கத்திலிருந்து, "வயித்து வலின்னு மட்டும் சொல்லு, போதும்" என்பார்கள். இப்போது ராத்தா ஒரு விதி போட்டிருக்கிறாள். நான் சுருக்கக் கூடாது, கூட்டக் கூடாது. மருத்துவர் என்னைப் பார்த்துப் பேசினால் அவள் மேசையைத் தட்டுவாள். போனில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்தும் காட்டுவாள்: "நோயாளி நான்." வீட்டில் மொழிபெயர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

ஏர்வாடி சாலை

ஏர்வாடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வரும். மனநலக் காப்பகம் என்று சொல்லிக்கொண்ட கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. கட்ட வேண்டாம் என்று அதற்கு முன்னாலும் அவர்கள் சொல்லித்தான் இருப்பார்கள். மனநோயாளி சொல்வதை யார் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள்? அதனால் இந்த இழையில் மனநோயைப் பற்றியும் இரண்டு வார்த்தை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் நன்றாக இருக்கிறான், டீக்கடையில் வேலை பார்க்கிறான். மாதா மாதம் மருத்துவரிடம் போவோம். "தூங்குறாரா? கோபப்படுறாரா?" என்று என்னைக் கேட்பார்கள், அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இப்போது போவதற்கு முந்தின நாள் ராத்திரி அவன் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதுகிறேன். எனக்கு உடன்பாடில்லாததையும் அவன் வார்த்தையிலேயே எழுதுவேன். "கை நடுங்குது, டீ கிளாஸ் தட்டோட ஆடுது, கஸ்டமர் பாக்குறாங்க." இதை அவனே மருத்துவரிடம் கொடுத்தான். வாசித்துவிட்டு அவனிடமே நாலு கேள்வி கேட்டு மருந்தை மாற்றினார். நடுக்கம் இருப்பது எனக்கும் தெரியும். அதனால் அவன் கடைக்குப் போகவே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான் என்பது அந்தத் தாளை எழுதியபோதுதான் தெரிந்தது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நன்றாக இருக்கும்போதே, பின்னால் நோய் முற்றினால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பாக யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அதே சட்டம் சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவத்திலும் கூடாது என்று தடை செய்திருக்கிறது. அண்ணன் தன் சார்பாகப் பேச என்னைப் போடவில்லை, அவன் முதலாளியைப் போடப் போவதாகச் சொல்கிறான். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அது அவன் முடிவு.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: அடையாள அட்டை, சான்றிதழ், பிள்ளைகளின் புகைப்படம் எதையும் இங்கே ஏற்ற வேண்டாம். ஒரு பதிவை அதற்காக நீக்கியிருக்கிறேன்.

மண்டபம் தையல்கடை

எல்லோருக்கும் நன்றி. மகள் முழு இழையையும் உட்கார்ந்து வாசித்தாள்.

டீச்சர், நீங்கள் கொடுத்த தொடக்க வாக்கியத்தை மாற்றிவிட்டாள். "கொஞ்சம் பொறுங்க" என்பது கெஞ்சுகிற மாதிரி இருக்கிறதாம். "நான் மெதுவாத்தான் பேசுவேன், முழுசா கேளுங்க" என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் எழுதி நீட்டுவதும் வேண்டாமாம், தாளை வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்க்க மாட்டார்களாம். அது உண்மைதான் என்று எனக்கும் பட்டது. தனக்கு என்ன தேவை என்று பட்டியல் மட்டும் போட்டு மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஜெராக்ஸ் கடையில் முயற்சி செய்தாள். சாயங்காலம், கூட்டம். பின்னாலிருந்து ஒருவர், "சீக்கிரம் சொல்லும்மா" என்றதும் திரும்பி வந்துவிட்டாள். நான் கடைக்கு எதிரே நின்றிருந்தேன். போய்ச் சொல்லலாமா என்று கால் பரபரத்தது, போகவில்லை. வீட்டுக்கு வந்து நீண்ட நேரம் யாரோடும் பேசவில்லை. மறுநாள் அவளாகவே, மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும், ஏ4, ஸ்பைரல் வேண்டாம் என்று அத்தனையும் சொல்லி வாங்கிவந்தாள். கடைக்காரர் பாக்கிச் சில்லறை குறைவாகக் கொடுத்தாராம், அதையும் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

கண்டக்டர்களிடம் இன்னும் நடக்கவில்லை. பஸ் ஆடுகிற ஆட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொள்வதா, பேசுவதா என்கிறாள். ஊர்ப் பெயரைப் போனில் பெரிதாக எழுதிக் காட்டப் போகிறாளாம், கீழக்கரை ராத்தாவிடமிருந்து எடுத்துக்கொண்டது.

இப்போது ஒரு கேள்வி. சேருவதற்கு முன்னாலேயே கல்லூரியைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்கிறாள். நான் கேட் வரைக்கும்தான் வர வேண்டுமாம். உள்ளே யாரைப் பார்க்க வேண்டும், எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

தொண்டி சங்கம்

அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ என்றால் 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு, வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. விண்ணப்பத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். முதல்வரைப் பார்க்கட்டும். அரசு நிறுவனம் என்றால் மாற்றுத்திறனாளிகளின் குறைகளைக் கேட்கத் தனி அலுவலர் இருக்க வேண்டும், அது யார் என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கீழ்த்தள வகுப்பு வேண்டும் என்பதை வாயால் சொல்வதோடு விடாமல் எழுதியும் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கட்டும். தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

கழிப்பறையை வெளியே நின்று பார்த்துவிட்டு வரக் கூடாது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்க்கட்டும். கதவு உள்பக்கம் திறக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா. இதை எந்த அலுவலரும் அவளுக்குச் சொல்லப் போவதில்லை.

இன்னொரு செய்தியும் அவளுக்குச் சொல்லுங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக வைக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கணக்குப்பதிவியல் படித்த ஆள் ஊராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்!

கரைவலை அப்பா

டீச்சர், நீங்கள் சொன்னபடி வீட்டில் பங்கு பிரித்துப் பார்த்தோம். முதலில் சிரித்துக்கொண்டே இருந்தான், நான் குறைத்து வைத்ததைப் பேசாமல் எடுத்துக்கொண்டான். அவன் தங்கச்சிதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். இப்போது அந்த வாக்கியம் வீடு பூராவும் கேட்கிறது. நேற்று வறுத்த மீனில் தங்கச்சிக்கு ஒரு துண்டு கூட வைத்தாள் அவன் அம்மா. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "மத்தவங்களுக்கு எவ்வளவோ, எனக்கும் அவ்வளவு" என்று உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அவன் எங்களிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டுப் பார்த்ததில்லை. அவன் அம்மா எழுந்து போய்த் தன் பங்கை எடுத்து வைத்தாள்.

ஆனால் கடற்கரையில் சம்மாட்டி அதட்டினால் அடங்கிவிடுவான். எனக்கும் தனியாக அங்கே நிற்கத் தெம்பு வரவில்லை. தொண்டித் தம்பி, சங்கத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து பேச முடியுமா?

தொண்டி சங்கம்

வருகிறேன் அண்ணே, ஆனால் நான் பேச மாட்டேன். நீங்களும் பேச வேண்டாம். அவன் கேட்கட்டும், நாம் இரண்டு பக்கமும் நிற்போம். அவன் கேட்ட பிறகு சம்மாட்டி மறுத்தால் அப்போது நான் வாயைத் திறக்கிறேன். இழுக்கிறவர்களில் அவனோடு சிநேகமாக இருப்பவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர் "அவனும்தானே இழுத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் எல்லோரையும்விட அதற்கு மதிப்பு. காசு கைக்கு வந்ததும் நீங்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், போகிற வழியில் அவனுக்குப் பிடித்ததை அவனே வாங்கட்டும். அவன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவதை அடுத்த வாரம் பார்ப்போம்.

இந்த வாரம் எந்த நாளில் வலை வளைக்கிறார்கள், காலையா மதியமா என்று மட்டும் சொல்லுங்கள். மணலில் ஊன்றுகோல் புதையும், அதனால் பங்கு பிரிக்கிற இடத்துக்கு ரோட்டுப் பக்கமாக வந்துவிடுகிறேன்.